எங்களில் யாருக்கு அந்த ஊசி ஆகாது

"மருந்து ஏதாவது ஒத்துக்காதா?" என்று டாக்டர் கேட்டது என் தங்கையிடம். பதில் சொன்னது எங்கள் அத்தா, அதாவது அப்பா.

"சின்னவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். பெரியவளுக்குத்தான் பென்சிலின் ஆகாது. சின்ன வயசுல ஊசி போட்டு மூஞ்சியெல்லாம் வீங்கி, மூச்சு நின்னு போச்சு. அல்லா காப்பாத்தினான்" என்று என்னைக் கை காட்டினார்.

நானும் தலையை ஆட்டினேன். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பேர், வயசு சொல்கிற மூச்சிலேயே பென்சிலின் ஆகாது என்றும் சொல்லிப் பழகியவள் நான். கல்யாணப் பேச்சு நடந்தபோதுகூட அத்தா மாப்பிள்ளை வீட்டாரிடம் முதலில் சொன்னது அதைத்தான். அவர்கள் என்னமோ ஏதோ என்று பயந்தே போனார்கள்.

தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனை. தங்கை கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். நகம் வெட்டும்போது கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம். சர்க்கரை இருக்கிற உடம்பு. பெருங்களத்தூரில் அடுக்குமாடி வீட்டில் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கிறாள், மாப்பிள்ளை ஷார்ஜாவில். மஞ்சள் வைத்தாளாம், வேப்பிலை வைத்தாளாம், எனக்கு மட்டும் போன் பண்ணவில்லை. விரல் கறுத்து, கால் வீங்கி, குளிர்ஜுரம் வந்த பிறகுதான் சொன்னாள். திட்ட வேண்டும்போல் இருந்தது, நன்றாகத் திட்டினேன். "நீ டென்ஷன் பார்ட்டிக்கா, உன்கிட்ட சொன்னா எனக்கு சுகர் இன்னும் ஏறும்" என்று படுத்தபடியே சிரித்தாள். அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. கேஸை மூடினோமா என்று திருமுடிவாக்கம் ஆபீசுக்குப் பாதி வழி போய்விட்டுத் திரும்பி வருகிறவள் நான்.

டாக்டர் சின்னப் பையன்போல இருந்தார், ஆனால் பொறுமையாகப் பேசினார். மறுநாள் காலை புண்ணைக் கீறிச் சுத்தம் செய்வார்கள். அன்று சாயங்காலமே டிரிப்ஸில் ஊசி மருந்து தொடங்கிவிடும். பென்சிலின் வகை மருந்து, இந்தக் கிருமிக்கு அதுதான் நல்லது என்றார். போய்விட்டார்.

அத்தா வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தங்கை ஜன்னலைப் பார்த்தபடி சாவகாசமாகச் சொன்னாள்: "அக்கா, ஞாபகம் இருக்கா, பல்லு புடுங்கினப்ப ஒரு மாத்திரை குடுத்தாங்க. உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சு. அன்னிக்குக் கருவாட்டுக் கொழம்பு சாப்ட்டதாலன்னு சொன்னோம்ல. அதுவும் இதே மாதிரி மருந்தா இருக்குமோ?"

நான் அவள் பக்கம் திரும்பினேன். "என்ன மாத்திரைடீ?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ரெண்டு வேளை போட்டேன், நிறுத்திட்டேன்."

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் மருந்து அபூர்வம். சளி, ஜுரம், வயிற்றுவலி எதுவானாலும் குரோம்பேட்டை ஹோமியோபதிக்காரரின் வெள்ளை உருண்டைதான். எங்கள் அம்மா தொடங்கி வைத்த பழக்கம் அது. அம்மா போன பிறகும் அத்தா அதை விடவில்லை. அதனால் தங்கை உடம்பில் அந்த மருந்து எப்போதாவது போயிருக்கிறதா, போய் என்ன ஆயிற்று என்று சொல்ல ஆளே இல்லை.

அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. எப்படி இத்தனை வருஷம் வராமல் இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். ஊசி போட்ட அன்றைய விஷயத்தில் எனக்கென்று ஞாபகம் இருப்பது ஒரே ஒரு காட்சி. ஒரு குழந்தையின் முகம். கண் இரண்டும் கோடுபோல ஒடுங்கி, உதடு பிதுங்கி, கன்னமெல்லாம் சிவந்து கொப்பளித்து. அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். இன்றும் கண்ணை மூடினால் தெரிகிறது. ஊசி போட்டது எனக்கு என்றால், என் முகத்தை நான் எங்கே நின்று பார்த்தேன்?

ஓடிப்போய் நர்ஸுகள் மேசைக்கு அருகில் டாக்டரைப் பிடித்தேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். கருவாடு, தடிப்பு, முகம், எல்லாம். பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைத்தாலும் முகத்தில் காட்டவில்லை.

"மேடம், தடிப்பு எதுக்கு வேணா வரும். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. வழக்கமா நாங்க டெஸ்ட் டோஸ் போட்டுப் பார்ப்போம். ஆனா சின்ன வயசுல மூச்சு நிக்கிற அளவுக்கு வந்தது இவங்களுக்குன்னா, டெஸ்ட் டோஸே போட மாட்டேன். ரிஸ்க்."

"அப்ப வேற மருந்து குடுத்துருங்க சார்."

"குடுக்கலாம். ஆனா இவங்க கிட்னி ரிப்போர்ட் கொஞ்சம் சுமார்தான். அந்த மருந்து கிட்னியை இன்னும் கஷ்டப்படுத்தும். சும்மா ஒரு சந்தேகத்துக்காக அதுக்குப் போக எனக்கு இஷ்டமில்ல. வீட்டுல பெரியவங்க யார்கிட்டயாவது கேட்டு நிச்சயமா சொல்லுங்க. சாயங்காலம் ரவுண்ட்ஸ் வரும்போது தொடங்கணும், அதுக்கு மேல தள்ள முடியாது."

வீட்டில் பெரியவர் என்றால் அத்தாதான். பள்ளிவாசலுக்குப் போக ஆட்டோவில் ஏறியவரை இறக்கி நிறுத்திக் கேட்டேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு.

"என்ன பேச்சு பேசற? எனக்குத் தெரியாதா? கம்பெனி டிஸ்பென்சரி சீட்டுல உன் பேருக்கு நேரா செவப்பு மையில எழுதியிருந்தத என் கண்ணால பாத்தேன். உங்கம்மாவும் உனக்குத்தான்னு சொன்னா. ராத்திரி பூரா அழுதுகிட்டே இருந்தா."

"நீங்க அங்க இருந்தீங்களா அத்தா?"

"நான் ஷிப்டுல இருந்தேன். வூட்டுக்கு வந்தப்புறம்தான் சொன்னா. அதுக்குள்ள வீக்கமெல்லாம் வடிஞ்சு போச்சு."

அத்தா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்தக் கம்பெனி தொழிலாளிகளின் குடும்பத்துக்கென்று ஒரு சின்ன மருத்துவமனை வைத்திருந்தது. அதைத்தான் டிஸ்பென்சரி என்போம். அன்று அங்கே இருந்தவர்கள் அம்மா, நான், தங்கை. எனக்கு ஆறு வயசு, தங்கைக்கு மூன்றுகூட நிறையவில்லை. கம்பெனி மூடிப்போய் எத்தனையோ வருஷம். சீட்டெல்லாம் எந்தக் குப்பையில் மக்கிற்றோ. அம்மா எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். ஆக, அன்று நடந்தது தெரிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருத்திதான் பாக்கி. அந்த ஒருத்திக்கு ஞாபகம் இல்லை.

கட்டிலருகே உட்கார்ந்து கண்ணை மூடிப் பார்த்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தேன். அந்த முகத்தைத் தவிர ஒரு மண்ணும் வரவில்லை. யோசிக்க யோசிக்க அந்த முகமே குழம்பி, ஒரு நேரம் என் முகமாகவும் ஒரு நேரம் தங்கை முகமாகவும் தெரிய ஆரம்பித்தது. பயந்துபோய் யோசிப்பதை நிறுத்தினேன். இருப்பது ஒரே சாட்சி, அதையும் நானே கெடுத்துவிடுவேன்போல இருந்தது.

சமையலறைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று முழிப்பது எனக்குத் தினசரி நடப்பது. அங்கேயே நின்று என்ன யோசித்தாலும் வராது. கிளம்பின இடத்துக்கே, ஹாலில் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றால் சட்டென்று வந்துவிடும், உப்பு என்று. உப்புக்கு வேலை செய்கிறது உயிருக்குச் செய்யாதா? அப்படித்தான் அன்று யோசித்தேன். "பல்லாவரம் வரைக்கும் போய்ட்டு வரேன்" என்று எழுந்தேன்.

"இப்பவா? வெள்ளிக்கெழம சந்தைக்கா?" என்றாள் தங்கை.

"ஆமா, சந்தைக்குத்தான், உனக்குக் கிளி வாங்கிட்டு வரேன்" என்று எரிந்து விழுந்துவிட்டு வெளியே வந்தேன். லிஃப்ட் வரும்வரை நிற்க முடியாமல் படியில் இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை மதியம் ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஏறுவதும் ஒன்று, வீட்டில் உட்கார்ந்திருப்பதும் ஒன்று. ரயிலில் ஏறினேன். சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். தினம் நான் போகிற லைன்தான். அன்றைக்கு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி வேண்டுமென்றே நிற்பதுபோல இருந்தது. போனை மடியிலேயே வைத்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிடுமோ என்று ஒரு பயம், வராமலே எதையாவது போட்டுவிடுவார்களோ என்று இன்னொரு பயம்.

முதலில் எங்கள் பழைய வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, வரிசையாக ஆறேழு குடித்தனம், கடைசியில் ஒரு குழாயடி. அந்த இடத்தில் இப்போது கார் நிறுத்த இடம் விட்டுக் கட்டிய நாலு மாடிக் கட்டிடம். வாட்ச்மேன் என்னை மேலும் கீழும் பார்த்தார். எந்தப் பக்கம் எங்கள் வாசல் இருந்தது என்றே எனக்குப் பிடிபடவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன், அடுத்த தூணுக்கு மாறினேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒன்றும் வரவில்லை. தோல் கம்பெனி நாற்றம்கூட வரவில்லை. அந்த நாற்றம் இருந்திருந்தால் ஒருவேளை ஏதாவது கிடைத்திருக்கும். அதற்கும் இப்போது வழியில்லை.

போன் அடித்தது. அத்தா. "எங்கம்மா போய்ட்ட? நர்ஸம்மா வந்து கேட்டுச்சு, ஊசிக்கு கையெழுத்துப் போடணுமாம்."

"நான் வர வரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க!" என்று நடுத்தெருவில் கத்தினேன். வாட்ச்மேன் எழுந்தே நின்றுவிட்டார்.

வீடு ரயில் லைனுக்கு இந்தப் பக்கம், டிஸ்பென்சரி அந்தப் பக்கம். அந்தக் காலத்தில் ரயில்வே கேட் வழியாகப் போவோம். நான் அவசரத்தில் ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கினேன். இறங்கியதும் சந்தைக் கூட்டம் என்னை உள்வாங்கிக்கொண்டது. பல்லாவரம் சந்தையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழைய மிக்ஸி, புதுச் செடி, புறாக் கூண்டு, கருவாடு, உடைந்த கட்டில் எல்லாம் ஒரே ரோட்டில். "யக்கா, சட்டி பாரு, இன்னா பாக்கற, தட்டிப் பாரு!" என்று ஒரு அம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு கூட்டத்தில், இவ்வளவு சத்தத்தில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எங்கே போய்த் தேடுவது?

ஆனால் கால் தானாகத் திரும்பியது. சந்தை ரோட்டை விட்டு இடதுபுறம் ஒரு தெரு, அதில் சின்ன வளைவு. வளைவு வரும் என்று அது வருவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்தது. வளைவு தாண்டி மூன்று படி வைத்த ஒரு பழைய கட்டிடம். அதேதான். மேலே ஒரு மாடி எழுப்பியிருந்தார்கள். கீழே இன்வெர்ட்டர், பேட்டரி விற்கிற கடை.

கடைக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "வாங்கக்கா, இன்னா வேணும்? ஒரு ரூமுக்கா, முழு வூட்டுக்கா?"

"ஒண்ணும் வேணாங்க. சும்மா கொஞ்சம் நேரம் நின்னுட்டுப் போறேன்."

"நில்லுக்கா. நிக்கறதுக்கு யாரு இன்னா சொல்லப் போறாங்க."

படியில் நின்றேன். உள்ளே பார்த்தேன். பேட்டரி அடுக்கு. ஒரு ஃபேன். இந்த ஹாலில் பெஞ்சு இருந்தது, சரி. அந்தப் பக்கம் ஊசி போடும் அறை, சரி. ஆனால் இதெல்லாம் ஞாபகமா, ஊகமா? எல்லா டிஸ்பென்சரியிலும் பெஞ்சு இருக்கும், ஊசி அறை இருக்கும். எனக்கு வேண்டியது அது இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

கட்டிடத்தின் பக்கவாட்டில் ஒரு சந்து. அதில் ஒரு ஜன்னல், தாழ்வாக, கம்பி போட்டது. ஊசி அறையின் ஜன்னல். அதற்கு முன்னால் போய் நின்றேன். என் இடுப்பு உயரம்தான் இருந்தது. நின்றால் ஜன்னலின் மேல்விளிம்பும் சுவரும்தான் தெரிந்தன. அட கிறுக்கே, உனக்கு அப்போது ஆறு வயசுடீ என்று என்னையே திட்டிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகிக் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். கம்பி கண்ணுக்கு நேராக வந்தது.

வந்துவிட்டது.

முதலில் வந்தது சத்தம். அம்மாவின் அலறல். எங்கள் அம்மாவின் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. போட்டோ இருக்கிறது, முகம் தெரியும், குரல் போய்விட்டது. எத்தனையோ தடவை தேடிப் பார்த்து, கிடைக்காது என்று விட்டுவிட்டேன். அது அந்தச் சந்தில் அப்படியே கேட்டது. கொஞ்சம் கரகரத்த குரல். அந்தக் குரல் என் பேரைச் சொல்லி அலறியது. திரும்பத் திரும்ப என் பேரை. "யா அல்லா, என் புள்ளைய பாருங்களேன்" என்று சொல்லி மறுபடியும் என் பேர்.

அப்படியானால் அத்தா சொன்னது சரிதான். எனக்குத்தான். அம்மாவே என் பேரைச் சொல்லி அழுதிருக்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு நிமிஷம் ஆறுதலாகக்கூட இருந்தது. போனை எடுத்தேன். டாக்டரிடம், ஒன்றுமில்லை சார், அந்த ஊசியையே போடுங்கள் என்று சொல்லிவிடலாம். நம்பரைத் தேடினேன்.

தேடும்போது என் இடது கை வெறுமனே மூடியிருந்ததைப் பார்த்தேன். எதையோ பிடித்திருப்பதுபோல. பேக்கைத் தோளில் மாட்டியிருந்தேன், கையில் ஒன்றும் இல்லை. ஆனால் விரல்கள் பிடித்திருந்தன. ரப்பர் செருப்பு. சின்னச் சின்னச் செருப்பு இரண்டு, வார் பூப்போட்டது. தங்கை நடக்க மாட்டாள் என்று அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டாள், செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நான் செருப்போடு சந்தில் நிற்கிறேன். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா. அம்மா கையில் தலை தொங்கிக் கிடக்கிறாள் தங்கை. கண் இரண்டும் கோடு. உதடு பிதுங்கி. கம்பவுண்டர் ஓடுகிறார். அம்மா அந்த முகத்தைத் தட்டித் தட்டி என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள்.

"இன்னாக்கா, மயக்கமா? டேய், தண்ணி குடு!" கடைக்காரர் சந்துக்குள் வந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலை வாங்கிக் கொஞ்சம் குடித்தேன், மீதியை முகத்தில் விட்டுக்கொண்டேன். "பிரஷர் இருக்குதா உனக்கு? ஆட்டோ புடிக்கட்டா?" என்றார். ஒன்றுமில்லை என்று எழுந்தேன். அவர் பார்த்த பார்வையில் நான் சொன்னதை நம்பியதுபோல் தெரியவில்லை.

அம்மா கையில் இருந்தது தங்கை. கூப்பிட்டது என் பேரை. இரண்டும் உண்மை என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் இரண்டும் சேரவில்லை. இதைப் போய் டாக்டரிடம் சொன்னால், குழம்பிவிட்டீர்கள் மேடம் என்பார். நானே அப்படித்தான் நினைத்தேன். பெற்ற தாய், உயிர் போகிற நேரத்தில், பிள்ளையின் பேரை மாற்றிக் கூப்பிடுவாளா? என்ன பதற்றமாக இருந்தாலும் அந்தப் பேர்தானே முதலில் வாயில் வரும்?

ஸ்டேஷன் பக்கம் நடந்தேன். தெரு வளைவு வந்தது. அங்கே ஒரு அடிபம்பு, தண்ணீர் வராமல் துருப்பிடித்து, மேலே யாரோ பழைய துணியைச் சுற்றியிருந்தார்கள். அதைத் தாண்டும்போது என்னால் மேலே நடக்க முடியவில்லை. நின்றுவிட்டேன்.

இங்கேதான் அம்மாவும் நின்றாள். தங்கையின் மூக்கைத் தண்ணீர் தொட்டுத் துடைத்தாள். தங்கைக்கு ஜுரம், காதில் சீழ். கம்பெனி அட்டையில் அத்தா, அம்மா, நான் மூன்று பேர்தான். தங்கை பிறந்த பிறகு அவள் பேரைச் சேர்க்க வேண்டும், அத்தா இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டிருந்தார். அட்டையில் பேர் இல்லாத பிள்ளைக்கு அங்கே மருந்து கிடையாது. அட்டையில் பேர் மட்டும்தான் இருக்கும், வயசு இருக்காது. பேர் மாற்றிச் சொன்னது தெரிந்தால் அத்தாவின் வேலைக்கே ஆபத்து. அம்மா குனிந்து என் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாளைக்கு இவதான் நீ. உள்ள உன் பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க, நீ போகாத, இவளத் தூக்கிட்டு நான் போறேன். நீ வெளிய நில்லு. யார் என்ன கேட்டாலும், என்ன நடந்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. அத்தாவுக்கும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அத்தாவுக்கு வேல போயிரும். சரியா? எங்க, அம்மாமேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அம்மா பதற்றத்தில் பேரை மாற்றவில்லை. பிள்ளை கையில் துவண்டு கிடக்கும்போதும், கம்பவுண்டரும் டாக்டரும் சுற்றி நிற்கிறார்கள் என்பதை மறக்காமல், அந்தப் பொய்யை விடாமல் பிடித்துக்கொண்டு என் பேரைச் சொல்லிக் கதறியிருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே நான் என் பேரைக் கேட்டுக்கொண்டே வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறேன். அந்த அலறலைக் கேட்டுக் கேட்டு, பிறகு வீட்டில் எல்லாரும் அதையே சொல்லச் சொல்ல, செத்துப் பிழைத்தது நான்தான் என்று நானே நம்பிவிட்டேன்.

துருப்பிடித்த அந்தப் பம்பைப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டேன். குரல் என் குரல்போலவே இல்லை.

"சார், அது என் தங்கச்சிக்குத்தான். அவளுக்குத்தான் ஊசி போட்டாங்க. அந்த மருந்து அவளுக்கு வேணாம்."

"யார் சொன்னாங்க?"

"நான் பாத்தேன். பக்கத்துல நின்னு பாத்தேன்."

"நிச்சயமா தெரியுமா மேடம்? கிட்னி விஷயம் சொன்னேன்ல?"

இது நிஜமாக நடந்ததா, அல்லது நடந்திருக்க வேண்டும் என்ற பயத்தில் என் மூளை கட்டிய கதையா? சாட்சி யாரும் இல்லை. தப்பாக இருந்தால் தங்கையின் கிட்னி என் கையால் போகும்.

"நிச்சயம் சார்" என்றேன்.

"சரி, மாத்திடறேன். தண்ணி நிறைய ஏத்திக் கவனமா பாத்துக்கறோம்" என்றார்.

திரும்பி வந்தபோது அத்தா கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"அந்த வாரமே சின்னவ பேர அட்டையில சேக்கணும்னு உங்கம்மா என் உயிர எடுத்தா. ஏண்டி இப்ப அவசரம்னு கேட்டேன். அழுதா. பெரியவளுக்கு இப்படி ஆன பயத்துல அழறான்னு நெனச்சேன். மறுநாளே போய்ச் சேத்துட்டேன்." பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்மா. வேல போனா போகுதுன்னு விட்டிருப்பேன்."

அந்த வெள்ளை உருண்டையும் எனக்கு அப்போதுதான் புரிந்தது. யாருக்கும் சொல்ல முடியாததால், இரண்டு பேருக்கும் எந்த ஊசியும் வேண்டாம் என்று ஹோமியோபதிக்காரரிடமே எங்களை ஒப்படைத்துவிட்டாள். எங்களுக்குச் சொல்கிற வயசு வருமுன்னே அவள் போய்விட்டாள்.

மறுநாள் புண்ணைச் சுத்தம் செய்தார்கள். விரலை எடுக்க வேண்டி வரவில்லை. கிட்னி ரிப்போர்ட்டில் எண் இரண்டு நாள் ஏறிப் பயம் காட்டிவிட்டு இறங்கியது. அந்த இரண்டு நாளும் ரிப்போர்ட் வரும் நேரமெல்லாம் நான் லேப் வாசலிலேயே நின்றேன்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின சாயங்காலம் தங்கையின் தலையைச் சீவிவிட்டேன். அத்தா டீ குடிக்கப் போயிருந்தார். அவள் வழக்கம்போல் கிண்டல் பண்ணவில்லை. அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயசு. அவளுக்கென்று அம்மாவைப் பற்றி ஒன்றுமே ஞாபகம் இல்லை, முகம்கூடப் போட்டோவில் பார்த்ததுதான்.

"அக்கா," என்றாள். "அம்மா அன்னிக்குப் பூரா உன் பேரத்தான் சொல்லிக் கூப்ட்டாங்களா? என் பேர ஒரு தடவகூடச் சொல்லலியா?"

சீப்பு அப்படியே நின்றது.

"சொன்னாங்கடி" என்றேன். "திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்துச்சு. யாரும் இல்ல அங்க. உன்ன நெஞ்சோட அணைச்சுகிட்டு உன் பேரத்தான் சொல்லிகிட்டே இருந்தாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். நான் பின்னலைப் போட்டு முடித்தேன்.

அப்படி நடந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. கேட் வழியாகத்தான் வீட்டுக்குத் திரும்பியிருப்போம், அது மட்டும் நிச்சயம். அந்த இடம் இன்னும் இருக்கிறது. மேம்பாலத்துக்குக் கீழே, தண்டவாளத்தை ஒட்டி. வாரத்தில் ஐந்து நாள் ரயிலில் அதைத் தாண்டுகிறேன். பல்லாவரம் நெருங்கும்போது எதிர்ப்பக்க ஜன்னலுக்குத் திரும்பி உட்கார்ந்துகொள்கிறேன். பார்த்தால் நிஜமாக நடந்தது ஞாபகம் வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.